அருள்ராஜ் அண்ணன் மாட்டாத படம்

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் புதுவாயல் கூட்டுரோட்டில், கேமராப் பையோடு அருள்ராஜ் அண்ணனுக்காகக் காத்திருந்தேன். நல்ல வெளிச்சம் வீணாகிறதே என்ற எரிச்சலில் ஃபோன் அடித்தேன். ஸ்டெல்லா அண்ணிதான் எடுத்தார். "தூக்கத்துலயே போயிட்டாரு தம்பி" என்றார். அண்ணனைத் திட்டத் தயாராகத்தான் ஃபோனைக் காதில் வைத்திருந்தேன்.

நாங்கள் இருவரும் கும்மிடிப்பூண்டியில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம். லீவு நாளில் ஆரம்பாக்கம் வழியாகப் பழவேற்காடு ஏரிக்கரைக்குப் பறவை பார்க்கப் போவோம். நண்பர்கள் சிலரும் வருவார்கள். புதிதாக யார் வந்தாலும் அண்ணன் முதலில் தன் கதையைச் சொல்லிவிடுவார். ஒருமுறை, முட்டைமேல் உட்கார்ந்திருந்த நெடுங்கால் உள்ளானைப் படமெடுக்கும்போது, கூட்டை மறைத்த கோரைப்புல்லை ஒடித்து ஒதுக்கியிருக்கிறார். படத்துக்குப் பரிசு கிடைத்தது. மறுநாள் போய்ப் பார்த்தால் முட்டைகளைக் காக்கை தின்றிருந்தது. "காக்காவுக்கு ஊட்டைக் காட்டிக் குடுத்தவன் நான்தான்பா. கூட்டாண்ட போவாதீங்க" என்பார்.

நாங்கள் சிரிப்போம். "அண்ணே, ஒரு முட்டைக்கு எத்தினி வருஷம் அழுவீங்க?" என்று நானே கேட்டிருக்கிறேன். கோபித்துக்கொள்ள மாட்டார், பைனாகுலரைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

போன கோடையில் ஒரு உள்ளான் எங்கள் தலைக்குமேல் கத்திக்கொண்டே சுற்றியது. நான் ஸ்டாண்டை விரித்தேன். அண்ணன் வந்து லென்ஸை மறைத்து நின்றார். "பாட்டுப் பாடுதுன்னு நெனச்சிக்கினு கீறியா? நம்மள போவச் சொல்லுது, வா." எல்லோரையும் திருப்பி அழைத்துப் போய்விட்டார். அன்று முழுக்க அவரிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அவர் முகத்துக்குப் பின்னால் ஒரு பறவை வேண்டும். அவர் எடுத்ததில் அழகான படம் எது என்று மட்டும்தான் யோசித்தேன். கூட்டில் உட்கார்ந்திருந்த அந்த உள்ளானையே பெரிதாகப் போட்டேன். புதுவாயலிலிருந்து கம்பெனி கேட்வரை ஒட்டினோம். எல்லோரும் பாராட்டினார்கள், நானும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணி காபி கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "அந்தப் படத்த எங்க ஊட்டுல மாட்ட உட்டதே இல்ல தம்பி. பரிசு குடுத்த ஃபிரேமோட பரண்ல போட்டுட்டாரு. உங்களாண்ட சொல்லலையா?"

"சொல்லியிருக்காரு அண்ணி" என்றேன். அவர் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திட்டியிருந்தால் தேவலை. கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தேன்.

அன்று சாயங்காலமே போஸ்டர்களைக் கிழிக்கப் போனேன். பசை நன்றாகக் காய்ந்துவிட்டிருந்தது. கூட்டைக் கிழிக்க இழுத்தால் அண்ணனின் முகமும் சேர்ந்து கிழிந்தது. பாதியில் விட்டுவிட்டேன். இப்போது கேட்டுக்கு எதிர்ச் சுவரில் பாதி முகமாக இருக்கிறார். ஒவ்வொரு ஷிப்டுக்கும் அவரைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன்.

அவரைத் தெரிந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். அவர் எடுத்த படம் எதுவும் இப்போது என்னிடம் இல்லை, அழித்துவிட்டேன். அவருடைய வெட்கம் மட்டும்தான் இருக்கிறது. உயிரோடு இருந்தபோது எங்கள் எல்லோருக்கும் அவர் கொடுக்கப் பார்த்தது அதைத்தான். அப்போது எனக்கு வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை.