துலுக்காத கிடா

மோகனூருக்கு மேற்கே, காவிரித் தண்ணீர் எட்டிப் பார்க்காத மேட்டுக்காட்டில் செல்லாயி குடியிருந்தாள். அவள் புருஷன் மயில்சாமி கிணறு தோண்டப் போன இடத்தில் மண் சரிந்து, இடுப்பொடிந்து கட்டிலில் விழுந்தவன். அவன் எழுந்து நடந்தால் வெட்டுவதாக ஊர்க் காவல்தெய்வம் கருப்பணாருக்கு ஒரு கிடாக்குட்டியை நேர்ந்துவிட்டாள்.

வெட்டுவதற்கு முன் கிடாவின் மேல் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பை உதறித் துலுக்கினால் சாமி சம்மதித்ததாக அர்த்தம். கோயிலுக்குப் போகும் நாள்வரை செல்லாயிக்குப் பொறுமை ஏது? வெள்ளிக்கிழமை தவறாமல் வாசலிலேயே ஒரு சொம்புத் தண்ணீரை அதன் முதுகில் ஊற்றி, "எந்திரிச்சு நடப்பாருங்களா சாமி?" என்று கேட்பாள். அது படபடவென்று உதறும். உடனே கட்டிலுக்கு ஓடுவாள்.

"சாமி உத்தரவு குடுத்துருச்சுங்க!"

"ஆட்டுக்குக் குளுருது புள்ள" என்பான் மயில்சாமி.

வருஷக்கணக்காக உத்தரவு வந்துகொண்டே இருந்தது. கால்தான் வரவில்லை. பிறகு கிடா உதறுவதும் குறைந்தது. ஈரம் காயட்டும் என்று கண்ணை மூடி நின்றுவிடும். சாமிக்குக் கோபமோ என்று பயந்து, இன்னும் ஒரு சொம்பு ஊற்றுவாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மழை பொய்த்த கோடையில், முதுகுப்புண் சீழ் பிடித்து மயில்சாமி செத்துப்போனான்.

"கேட்டது நடக்குலீங்களே நங்கையா, அப்பறமென்ன நேர்த்தி? கெடாயை வித்துப்போடுங்க" என்று அண்ணியிடம் சொன்னான் கொழுந்தன் சின்னண்ணன்.

"அவரு குடுக்குலீன்னா நாஞ் சொன்னது பொய்யாப் போயிருமா?"

சொன்னாளே ஒழிய, கருப்பணார் மேல் அவளுக்கு வயிறெரிந்தது. எரிந்த வயிற்றோடுதான் கிடாவைக் கோயிலுக்கு ஓட்டிப் போனாள்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி கந்தப்பன் தங்கமானவர். ஒரு குடம் ஊற்றினார். கிடா கண்ணை மூடிக்கொண்டு நின்றது. இன்னொரு குடம். காதைக்கூட ஆட்டவில்லை.

"சாமி ஏத்துக்கல. என்ன பாவம் பண்ணுனாளோ" என்று கூட்டத்தில் முணுமுணுத்தார்கள்.

பாவமுமில்லை, கோபமுமில்லை. அதைத் தண்ணீருக்குப் பழக்கியது அவளேதான். செல்லாயிக்கு அது விளங்கியபோது கூடவே இன்னொன்றும் விளங்கியது. அன்று அது உதறியதும் வெறும் குளிர்தான். கட்டிலில் கிடந்தவன் சொன்னதுதான் சரி. அப்படியானால் இத்தனை வருஷத்தில் கருப்பணார் அவளிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. புருஷன் செத்த அன்று அழாதவள், எல்லார் முன்னாலும் அங்கே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"வேற கெடா புடிச்சுட்டு வா அம்மிணி" என்று அனுப்பிவைத்தார் பூசாரி.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் சொம்பை எடுக்கவில்லை. கிண்ணத்தில் எண்ணெய் எடுத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள். கிடா தானாகவே பின்னால் வந்தது. விளக்குப் போட்டுவிட்டு, கருப்பணார் கல்லுக்கு எதிரே காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"சாமிகிட்ட என்ன கேக்கோணும் அம்மிணி?" என்றார் கந்தப்பன்.

"கேக்கறதுக்கு என்னுங்க இருக்குது?"

"பின்னே?"

"அவரு பேசாட்டிப் போறாருங்க. எனக்கு அவரை உட்டா ஆரு இருக்கறா?"