மூன்று முழம் பிலிம்

நேற்று விழுப்புரம் ஜங்ஷன் எதிரே மல்லிகைப்பூ வாங்கினேன். பூக்காரம்மா முழங்கை முதல் விரல் நுனிவரை சரத்தைப் பிடித்து அளந்த அழகைப் பார்த்துக்கொண்டே நின்றதில், காசைக் கொடுத்துவிட்டுப் பூவைக் கையில் வாங்காமலே நடந்துவிட்டேன், கூப்பிட்டுக் கொடுத்தார். நானும் ஒரு காலத்தில் முழம் போட்டவன்தான். பூவை அல்ல, சினிமா பிலிமை.

யுத்த காலம். நானும் சிநேகிதன் மாணிக்கமும் இந்த ஊரில் ஸ்டூடியோ வைத்திருந்தோம். பெரிதாக நினைத்துவிடாதீர்கள், ஒரு அறை, ஒரு திரைச்சீலை, கால் ஆடுகிற நாற்காலி ஒன்று. போட்டோ பிலிம் எந்தக் கடையிலும் அகப்படவில்லை. பட்டணத்தில் சினிமாப் படம் கழுவுகிற இடத்தில் இருந்த மாணிக்கத்தின் மச்சான், மிஞ்சிய துண்டுச் சுருள்களைக் கறுப்புக் காகிதத்தில் சுற்றி பிஸ்கட் டப்பாவில் ரயிலேற்றுவான். எங்கள் சின்னக் கேமராவுக்கும் அதே அகலம்தான், ஓரத்தில் அதே ஓட்டைகள்தான். இருட்டறையில் அடிக்கோலா தெரியும்? முழம்தான். கேமராவுக்கு மூன்று முழம். நான் நெட்டை, என் முழத்தில் அறுத்தால் சுருள் டப்பிக்குள் அடங்காது. “நீ பூ விக்கப் போய்யா, ஊரே உங்கிட்ட வாங்கும். பிலிமுக்கு என் கைதான் லாயக்கு” என்பான் மாணிக்கம். குள்ளனாய்ப் பிறந்ததில் அவனுக்கு இருந்த ஒரே பெருமை அது.

படத்தைப் பிரதி எடுப்பதற்கென்று செய்த பிலிம் அது. நீலத்தைத்தான் அதற்குத் தெரியும்; மஞ்சளும் சிவப்பும் கறுப்பாக விழும். இது புரியாமல் எடுத்த முதல் கல்யாணப் படத்தில் மணப்பெண் கரி பூசினாற்போல் விழுந்தாள். மாணிக்கம் படம் கழுவுகிற மருந்துத் தண்ணீரைத் திட்டினான், நான் மாணிக்கத்தைத் திட்டினேன். பக்கத்தில் மாப்பிள்ளை மட்டும் ஜோராக இருந்ததைப் பார்த்த பிறகுதான் புத்தி வந்தது. குற்றவாளி மஞ்சள்.

அந்தச் சமயத்தில்தான் திண்டிவனத்திலிருந்து அஞ்சலை வந்தாள், இடுப்பில் கைக்குழந்தையோடு. புருஷன் பட்டாளத்தில், பர்மா பக்கம். பிள்ளை முகத்தை அவன் இன்னும் பார்க்கவில்லை. தாயும் பிள்ளையுமாக ஒரு படம் அனுப்ப வேண்டும். அவள் முகம் நிறைய மஞ்சள். மாணிக்கத்துக்கு நாசூக்கு தெரியாது. முகத்தைக் கழுவிவிட்டு வரச் சொன்னான். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

“அவுரு சண்டையில இருக்காரு. நான் மஞ்சளக் கழுவிக்கினு நிக்கணுமாணா?”

 வாசல்வரை போனவள் நின்றாள். சற்று யோசித்துவிட்டுத் திரும்பினாள்.

“வெள்ளிக்கெழம எண்ண தேச்சி தலைக்கு ஊத்திக்குவேன். அதுல பழைய மஞ்சள் தானா போயிடும். புதுசு பூசறதுக்குள்ள எடுத்துடுங்க. கழுவினதில்ல, இன்னும் பூசல. அவ்ளதான்.”

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் கேமராவோடு திண்டிவனம் போனோம். மந்தமான பிலிம், நல்ல வெயில் வேண்டும். மேகம் போய்த் தொலைகிற வரை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஈரத் தலையோடு முற்றத்தில் நின்றாள். இழைத்த மஞ்சளை வலது கைக்குள் மூடி வைத்திருந்தாள். கேமரா ‘க்ளிக்’ என்றதுதான் தாமதம், அந்த இடத்திலேயே பூசிக்கொண்டாள். நான் தலையைத் திருப்பிக்கொண்டு மூச்சு விட்டேன்.

சண்டை முடிந்து ஒருநாள் அவள் புருஷனே ஸ்டூடியோவுக்கு வந்தான், பெண்டாட்டி பிள்ளையோடு. சட்டைப்பையில் அந்தப் படம், மடிப்பு மடிப்பாக.

“மொதல்ல பாத்ததும் பேஜாராயிடுச்சிங்க. கூட இருந்தவங்க ஊட்டுப் படத்துலல்லாம் மஞ்ச பூசின மொகம் கறுப்பாத்தான் வுழுந்திருந்திச்சி. இவ மொகம் வெறுமையா இருக்குது, ஊட்ல இன்னா ஆச்சோன்னு. அப்பறம் பாத்தா மூடின வெரலு மட்டும் கறுப்பா இருக்குது. மஞ்சளப் பத்திரமா வச்சிக்கினு நிக்கறான்னு தெரிஞ்சிக்கினேன்.”

குடும்பப் படம் எடுக்க நாற்காலி போட்டோம். அஞ்சலை அன்றைக்கு முகத்தில் மஞ்சளை அப்பிக்கொண்டு வந்திருந்தாள். எங்களிடம் அதே சினிமா பிலிம்தான். மாணிக்கம் பட்ட பாட்டில் இந்த முறை வாயைத் திறக்கவில்லை. நான்தான் மெதுவாக நினைவூட்டினேன்.

“கறுப்பா வுழுந்தா வுழட்டும்ணா. பாக்கறதுக்குத்தான் ஆளே வந்துட்டாரே.”

விழுந்தது, கரியாகத்தான். பல் மட்டும் பளீரென்று.

ஸ்டூடியோ இருந்த இடத்தில் இன்று செல்போன் கடை. பிலிமும் போயிற்று, மாணிக்கமும் போனான். எல்லா நிறமும் அப்படி அப்படியே விழுகிறது இப்போது; முகத்தில் மஞ்சள்தான் இல்லை. பூக்காரம்மா முழம் குட்டை. மாணிக்கத்தின் கை அளவு.