கூறை ஜாக்கெட்டில் சில்வர் கோடு

“…கொடி முதுகுல மட்டும்தான் ஓடுதா? முன்னாடி ஒண்ணுமே காணோமே!” என்றபடி மாப்பிள்ளையின் அம்மா ஜாக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

வேறு எங்கே வேண்டுமானாலும் வைத்துப் பார்க்கட்டும், வெளிச்சத்தில் மட்டும் வேண்டாம் என்று என் மனசு அடித்துக்கொண்டது. என் அக்கா மகள், அதாவது கல்யாணப் பெண், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றாள்.

எங்களுக்கு இந்தப் பயம் வந்ததற்கு ஒரு நடிகையின் கல்யாணம்தான் காரணம்.

அந்தக் கல்யாணப் படங்கள் வந்த அன்றைக்கு, அக்கா மகள் வேலைக்குப் போகிற ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ்ஸில் ஒருத்தியும் ஜன்னலுக்கு வெளியே பார்க்கவில்லையாம். எல்லார் தலையும் போனுக்குள். சந்தன நிறத்தில் டிஷ்யூ பட்டு, விரல் அகலத்துக்கு அரக்குக் கரை, முதுகில் படகு மாதிரி வளைந்த கழுத்து, ஒரு கல், ஒரு முத்து இல்லாத ஜாக்கெட். தலை நிறைய மல்லிகை, காதில் ஜிமிக்கி. அவ்வளவுதான் அலங்காரம்.

நானும் தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். நான் யாரிடமும் போய்த் தையல் கற்றவளில்லை. பழைய ஜாக்கெட்டுகளைப் பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்டவள். துணி கொடுக்க வருகிறவர்கள் வாயைக் கிளறுவதில்தான் எனக்கு ருசி அதிகம். அன்றைக்கு வந்த ஒரு பெரியம்மா, “கல்யாணப் பொண்ணா இது? ஏத்தாத மெழுகுவத்தி மாதிரி நிக்குது” என்றார். பக்கத்தில் அளவு கொடுத்துக்கொண்டிருந்த டீச்சர் விடவில்லை. “நெறைய வெச்சிருக்கிறவங்க மெதுவாத்தான் பேசுவாங்க. இந்தப் புடவையும் மெதுவா பேசுது, கேட்டுப் பாருங்க.” நாலு பேரிடம் சொல்லிச் சொல்லி அதை என் சொந்தப் பேச்சாகவே ஆக்கிக்கொண்டேன்.

அக்கா மகள் சாயங்காலம் பையைக்கூட வைக்காமல் வந்து நின்றாள். “எனக்கும் இதே மாதிரிதான் வேணும் சித்தி. மொட்டையா. ஒண்ணும் ஒட்டக் கூடாது.”

ஆனால் எங்கள் பக்கம் கூறைப் புடவை எடுப்பது மாப்பிள்ளை வீடு. அவர்கள் கணியம்பாடிப் பக்கம். வேலூரில் கடைக்குப் போனபோது, பெண் கேட்ட புடவையை விரித்ததுமே மாப்பிள்ளையின் அம்மா முகம் சுருங்கிப்போனது. “இன்னா இது, நாலு வண்ணான் தொறை பார்த்த மாதிரி இருக்கு?” என்றார். பிறகு பட்டை மடக்கிப் பார்த்தார், நகத்தால் கீறிப் பார்த்தார், மூக்கருகே கொண்டுபோனார். இந்தப் பக்கம் எங்கள் பெண்ணும் முந்தானையை அதே மாதிரி மடக்கிக் கீறிக்கொண்டிருந்தாள். கடைக்காரர் பதறிவிட்டார். “அம்மா, அம்மா, இது பட்டுமா, தோல் இல்ல!” அப்போதுதான் தெரிந்தது, அந்த அம்மாவும் கல்யாணத்துக்கு முன்னால் ஷூ கம்பெனி பஸ்ஸில் போய் வந்தவராம். “கை மறக்க மாட்டேங்குது” என்றார் வெட்கத்தோடு.

மகன் கெஞ்சியதால் புடவைக்கு ஒத்துக்கொண்டார். ஜாக்கெட்டும் மொட்டைதான் என்றதற்குத் தலையை ஆட்டிவைத்தார். ஜாக்கெட் துணியை மட்டும் வெட்டி என் கையில் கொடுக்கும்போது சொன்னார்: “கூறைத் துணி சம்பந்தி. ஒரு பொட்டு கறை படாம தெச்சுக் குடுங்க. எங்க வூட்ல அதெல்லாம் ரொம்பப் பார்ப்போம்.” தைத்த பிறகு அது அவர் கைக்குப் போய், புடவையோடு தாம்பாளத்தில் ஏறி மணைக்கு வர வேண்டும். மருமகள் வருவதற்கு முன்னால் அந்த வீட்டுக்குள் அவளுடைய ஜாக்கெட் போகிறது, அதுதான் கணக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணியை விரித்தேன். “கழுத்துக் கோடு நான் போடறேன் சித்தி. உனக்கு அந்த வளைவு வராது” என்று அக்கா மகள் போனை மெஷின் மேல் சாய்த்துவைத்து உட்கார்ந்தாள். நான் அடுப்பில் பால் வைத்திருந்தேன். போய் இறக்கிவிட்டு வருவதற்குள் போட்டுவிட்டாள். ஒரே இழுப்பு. படத்தில் இருந்த அதே வளைவு.

“பார்த்தியா? கை நடுங்கவே இல்ல.”

நான் கோட்டைப் பார்க்கவில்லை. அவள் கையைப் பார்த்தேன். என் சாக்குக்கட்டி வைத்த இடத்திலேயே கிடந்தது. அவள் விரலில் இருந்தது சில்வர் பேனா.

அவளுக்குக் கம்பெனியில் மார்க்கிங் வேலை. எங்கே தைக்க வேண்டும் என்று தோலின் மேல் சில்வர் பேனாவால் கோடு போட்டுக் கொடுக்க வேண்டும். தைத்து முடித்து ரப்பரால் தேய்த்தால் கோடு போய்விடும். பேனா எந்நேரமும் கொண்டையில் செருகியிருக்கும். வீட்டில் மளிகைச் சாமான் பையில் பேர் எழுதுவதும் அதில்தான்.

“தேச்சா போய்டும் சித்தி” என்று தேய்த்தாள். போகவில்லை. மெல்லிய கோடு தடித்த கோடாயிற்று. அப்புறம்தான் அவளுக்கே உறைத்தது. “அத்தை இன்னா சொல்வாங்க? கூறைத் துணியையே பாழாக்கினவன்னுதானே என்னைக் கூப்புடுவாங்க?” அழுதிருந்தால்கூடத் தேவலை. அழவில்லை. பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தாள்.

அதே நிறத்தில் வேறு துணிக்கு அலைந்து பார்த்தோம், கிடைக்கவில்லை. கடைசியில் அக்காவையும் கூட்டிக்கொண்டு, அடுத்த தெருவில் ஆரி எம்ப்ராய்டரி போடுகிற அம்மாவிடம் போனோம். தெருவே அவரை ஆபா, அதாவது உருதில் அக்கா, என்றுதான் கூப்பிடும். துணியைப் பார்த்துவிட்டு எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கோடு சுத்தமாத்தானே இருக்கு? அது மேலயே கொடி வுட்டா போச்சு. இதுக்கா குடும்பமே பேஜாரா மூஞ்ச வெச்சிக்கினு நிக்கிறீங்க?”

“மொட்டையா போடணும்னு ஆசை ஆபா. அந்த நடிகை…” என்று இழுத்தாள் அக்கா மகள்.

“அது கையில சில்வர் பேனா இருந்திருந்தா அதுவும் கொடி போட்டுக்கினுதான் ஒக்காந்திருக்கும், போ!”

அக்கா சிரித்துவிட்டாள். பெண்ணும் சிரித்தாள். எனக்கு அன்றைக்குத்தான் சோறு இறங்கியது. மங்கலான ஜரிகையில் நூல் மாதிரி ஒரு கொடி வந்தது. அடியில் கோடு இருப்பது பிரம்மாவுக்கே தெரியாது. சும்மா சொல்லக் கூடாது, படத்தில் இருந்ததைவிட எனக்கு இதுதான் பிடித்தது.

தைத்து, இஸ்திரி போட்டு, மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய அன்று காலையில் தூக்கிப் பிடித்தபோது மினுக்கென்றது. முதுகின் கீழ் ஓரத்துக்குக் கொஞ்சம் மேலே, கொடிக்கு எட்டாத இடத்தில், கடுகளவு சில்வர் புள்ளி. அன்றைக்குப் பேனாவை மூடாமல் துணி மேல் வைத்திருக்கிறாள். ஊசியை எடுப்பதற்குள் மாப்பிள்ளையின் அம்மா வந்த ஆட்டோ வாசலில் நின்றது.

அந்த ஜாக்கெட்டைத்தான் இப்போது ஜன்னலருகே பிடித்திருந்தார். கொடியின் மேல் நகத்தை ஓட்டினார். நகம் கீழே இறங்கி ஓரிடத்தில் நின்றது. கை மறக்கவில்லை, மூக்கருகேயும் கொண்டுபோனார். பிறகு நிமிர்ந்து, பெண்ணின் வலது கை விரலில் ஒட்டியிருந்த சில்வர் கறையைப் பார்த்தார்.

“மார்க்கிங்தானே நீ?”

“ஆமாங்க அத்தை.”

“ரப்பர் போட்டுத் தேச்சியா?”

அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். பெண் தலையைத் தூக்காமலே சொன்னாள். “தேச்சேன் அத்தை. ஜாஸ்தியாய்டுச்சு.”

“ஆவாம பின்ன?” என்றார் அந்த அம்மா. என் பக்கம் திரும்பினார். “சம்பந்தி, கொஞ்சம் மஞ்சள் கொழைச்சுக் கொண்டாங்க.”

புதுத் துணிக்கு மஞ்சள் வைப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான், கண்ணில் படாத ஒரு மூலையில் வைப்போம். அவர் மூலையைத் தேடவில்லை. விரலில் மஞ்சளைத் தொட்டு, அந்தக் கடுகளவு புள்ளியின் மேலேயே வைத்து ஒருமுறை அழுத்தினார். ஜாக்கெட்டை ஜன்னல் கம்பியில் காயப் போட்டார். விரலில் மிச்சமிருந்ததை மருமகளின் கன்னத்தில் தடவினார்.