நல்ல வீட்டுக்குப் போன கிளிப்பச்சை

தையற்கடைக்கு மேலே ஒரு வாடகை அறை. அங்கேதான் மாலை நேரங்களில் நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். கோயில் மணி அடித்து ஓயும் வரை ‘ஹேவ்’, ‘ஹேஸ்’. நாக்கு வறண்டு, கால் கடுத்து, சொற்களே சலித்துப்போன பருவம் இது.

“மாமா வந்தார் என்றால் பழைய கதை. மாமா வந்திருக்கிறார் என்றால் அடுப்பில் காப்பி ஏறணும். ஹேவ் வருகிற வாக்கியம் அப்படித்தான். நடந்தது நடந்துவிட்டது, ஆனால் இன்னும் நம் வாசலில் நிற்கிறது” என்பேன். எத்தனை மாமாக்களை வரவழைத்திருப்பேனோ.

பட்டுக்கடையில் சேலை எடுத்துப்போடும் பெண் ஒருத்தி வகுப்புக்கு வந்தாள். நாள் முழுக்க நின்று நின்று காலில் நரம்பு சுருண்டவள். வீடியோவில் வெளிநாட்டுக்காரர்களுக்குச் சேலை காட்டும் வேலை அவள் கடையில் காலியாக இருந்தது. அதற்கு நாற்காலி உண்டு. வெள்ளிக்கிழமை முதலாளி முன்னால் ஒரு வாடிக்கையாளரிடம் பேசிக் காட்ட வேண்டும்.

“கிளிப்பச்சைச் சேலை கேட்கிறாங்க. வித்துப்போச்சு. என்ன சொல்வீங்க? வீ ஹேவ் ஸோல்ட் இட், மேடம்.”

அவள் மறுத்துத் தலையாட்டினாள்.

“விளக்கு வெச்ச கடையில ‘இல்ல’, ‘வித்துப்போச்சு’ன்னு சொல்ல மாட்டோம் சார். லட்சுமி எழுந்து போயிடுவா.”

பின்பெஞ்சு ஆட்டோக்காரர் சிரித்தார். “லட்சுமிக்கு இங்கிலீஷ் தெரியாது, தைரியமா சொல்லும்மா!”

“உன் வண்டியில ஏறினா அவளும் இறங்கிப் போயிடுவாண்ணா.”

“சரி, தமிழில் என்னதான் சொல்வீங்க?” என்றேன், அலுப்போடு.

“நல்ல வீட்டுக்குப் போயிருக்குதும்மான்னு சொல்லுவோம்.”

வாதாடத் தெம்பில்லை. அதையே ஆங்கிலத்தில் எழுதிப் போட்டேன். இட் ஹேஸ் கான் டு எ குட் ஹவுஸ். வெளிநாட்டில் யாருக்கு இது புரியும் என்ற கவலை வெள்ளிக்கிழமை முழுக்க என்னை அறைக்குள் நடக்கவைத்தது.

சனிக்கிழமை மெதுவாகப் படியேறி வந்தாள்.

“கிளிப்பச்சையேதான் கேட்டாங்க சார். சொன்னேன். முதலாளி என்னையே முறைச்சிக்கினு இருந்தாரு. அப்புறம் அந்தம்மா சிரிச்சிட்டு, எங்க வீட்டுக்கு வர்ற மாதிரி ஒண்ணு காட்டுன்னாங்க.”

“வாங்கினாங்களா?”

“எங்க! எல்லாத்தையும் பிரிக்கச் சொல்லிட்டு, வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்றேன்னு போனை வெச்சிட்டாங்க. முதலாளி, இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம்னாரு. நாற்காலிய மட்டும் இப்பவே போட்டுட்டாரு.”

சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். பிறகு, மூலையில் துணி மூட்டை வைத்திருந்த முக்காலியைக் காலியாக்கி என் பக்கம் தள்ளினாள்.

“உக்காந்துக்கினே சொல்லிக்குடுங்க சார். பாடம் எங்கியும் ஓடிடாது.”

உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் முனகின.

“ஹேவ் யூ ஈட்டன், சார்?” என்றார் ஆட்டோக்காரர்.

இன்னும் இல்லை. அன்றைய பாடத்தை அதிலிருந்தே தொடங்கினேன்.