இரண்டாந்தரம் கேளாத தலைவர்

ஹம்பேர்க்கில் குடும்ப வைத்தியராக இருக்கிறவனுக்குப் பொறாமைப்பட நேரம் கிடைக்காது என்றுதான் நினைத்திருந்தேன். காலையில் தடிமன், மத்தியானம் நாரி நோ, பின்னேரம் பிறசர். ஆனால் மனம் வைத்தால் நேரம் கிடைக்கும். போன மாரி முழுக்க ஒருநாள் லீவும் எடுக்காமல் பொறாமைப்பட்டேன்.

விஷயம் இதுதான். அரசாங்கத்தோடு புது ஒப்பந்தம் பேசப் போகும் எங்கள் வைத்தியர் சங்கக் குழுவில் ஓரிடம் காலியானது. அந்த ஒப்பந்தத்தில் அரசாங்கம் ஒரு வரியைச் செருகியிருந்தது: நோயாளியின் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதும் தொலைபேசியில் விசாரிப்பதும் ஒரே வேலையாகவே கணிக்கப்படும். லிஃப்ட் இல்லாத வீடுகளில் நாலாம் மாடிக்குப் பையோடு மூச்சு வாங்க ஏறுகிறவன் நான். அந்த வரியை எதிர்த்துக் கூட்டங்களில் தொண்டை கிழியக் கத்தியவனும் நான். அந்தக் கதிரை எனக்கென்றே செய்தது என்று முடிவு கட்டிவிட்டேன்.

"இஞ்சேருங்கோ, குளியலறைக்குள்ளை ஆரோடை கதைக்கிறியள்?" என்றாள் மனைவி.

"அமைச்சரோடை."

"அவரைக் கெதியா வெளியாலை விடுங்கோ. நான் வேலைக்குப் போகவேணும்."

அந்த இடத்துக்கு ஆளைத் தெரியும் கூட்டத்தன்று எனக்கு நானே பிறசர் பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன். பிறகு மெஷின் இலக்கம் காட்ட மறுத்துவிட்டது. அதைக் குறை சொல்ல ஏலாது.

சங்கத் தலைவர் நெடுவலான ஒரு ஜெர்மன்காரர். எல்லோருக்கும் முன்னால் என்னைப் பார்த்து, "அந்த இடத்துக்கு நீங்கள் வருவீர்களா?" என்று கேட்டார். இதற்காகத்தானே அமைச்சரைக் குளியலறைக்குள் அடைத்து வைத்திருந்தேன்! ஆனால் பதறிப்போனால் என் வாய் நேரே யாழ்ப்பாணத்துக்கு ஓடிவிடும். "ஐயோ, எனக்கேன்? என்னைவிட நல்ல ஆட்கள் இருக்கிறார்களே" என்றேன், பிழையில்லாத ஜெர்மனில்.

எங்கள் ஆட்களிடம் தேத்தண்ணி வேணுமோ என்று கேட்டுப் பாருங்கள். "வேண்டாம், இப்பத்தான் குடிச்சனான்" என்பார்கள். இன்னொருதரம் கேட்டால் அதே வேண்டாம் கொஞ்சம் மெலிந்து வரும். மூன்றாந்தரம் கை நீளும். நானும் தலையைக் குனிந்து இரண்டாந்தரத்துக்குக் காத்திருந்தேன். தலைவர் "ஷாடே" என்றார். வருத்தமான விஷயம் என்று அர்த்தம். சொல்லிவிட்டு அடுத்த கதிரைக்குத் திரும்பினார்.

அடுத்த கதிரையில் என் கிளினிக்கிலிருந்து இரண்டு ஸ்டேஷன் தள்ளி வைத்தியம் பார்க்கும் இளம் டொக்டர். தாய்தகப்பன் யாழ்ப்பாணம், அவ பிறந்தது இங்கே. "கேர்ன்" என்றா. சந்தோஷமாக வருகிறேன் என்பதை ஜெர்மன்காரர் அந்த ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவார்கள். எல்லோரும் மேசையில் தட்டினார்கள். இங்கே அதுதான் கைதட்டல். நானும் தட்டினேன். விரல் மொளி வீங்குமட்டும் தட்டினேன்.

அதற்குப் பிறகு அவவின் படம் சங்கப் பத்திரிகையில் வந்தது. என் படம் வந்தால் மூக்கு மட்டும் வரும். அவவுக்குப் படமும் அழகாக எடுபட்டிருந்தது. நெடுநாளாக என்னிடம் வரும் கிழவர் ஒருவர், "உங்கள் நாட்டுப் பிள்ளையாமே, நன்றாகப் பேசுகிறா" என்றார். அன்றைக்கு அவர் கையில் பிறசர் பட்டியை ஒரு அமத்துக் கூடவே அமத்தினேன்.

ஒருநாள் பின்னேரம், நோயாளிகள் எல்லோரும் போனபின், அவவே என் கிளினிக்குக்கு வந்தா. தேத்தண்ணி கொடுத்தேன். உடனே வாங்கினா.

"அண்ணை, ஒண்டு கேக்கவேணும். அண்டைக்கு நீங்கள் சொன்னது மெய்யான வேண்டாமோ, இல்லாட்டி எங்கடை அம்மா தேத்தண்ணிக்குச் சொல்லுற வேண்டாமோ?"

எனக்கு முகம் வியர்த்தது. "அப்ப தெரிஞ்சுகொண்டே கேர்ன் எண்டனீர்?"

"ஓம் அண்ணை. எனக்கும் ஆசைதானே. தலைவர் இன்னொருக்காக் கேட்டா உங்களுக்கெல்லோ போயிடும்?" சிரித்தா. "பேச்சுவார்த்தைக்கு ஒராளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். படியேறின கதை உங்களிட்டைத்தான் இருக்கு. வாறீங்களோ?"

"எனக்கேன் பிள்ளை..." என்று வாய் தொடங்கிவிட்டது.

அவ இரண்டாந்தரம் கேட்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே தேத்தண்ணியை உறிஞ்சினா. கோப்பை வெறுமையாகிக்கொண்டிருந்தது.

"வாறன்! ஓம்! கேர்ன்!" என்றேன். மூன்றும் ஒரே மூச்சில்.

அமைச்சு அலுவலகத்தில் நான் படிக்கட்டுகளைப் பற்றி உருக்கமாகச் சொன்னேன். அதிகாரி இளகினார். எண்பது வயது தாண்டியவர்களின் வீட்டுக்குப் போவதை மட்டும் தனி வேலையாகக் கணிக்கலாம் என்றார். பாய்ந்து கைகுலுக்க எழும்பினேன். அவ என் கோட்டைப் பிடித்து இருத்தினா. பிறகு தலையைச் சரித்து, "வேண்டாம், பரவாயில்லை" என்றா. அச்சொட்டாக எங்கள் தேத்தண்ணிக் குரல்! அதிகாரி தடுமாறி, படுக்கையில் கிடக்கிறவர்களையும் சேர்க்கலாம் என்றார். இன்னொரு வேண்டாம், கொஞ்சம் மெலிந்தது. கடைசியில் அவர் பேனையை எடுத்து அந்த வரியையே வெட்டினார்.

"கேர்ன்" என்றா.

படியேறினது நான். கத்தினது நான். அந்த வேண்டாமும் என்னுடையது! என் கையில் கதிரையைப் பறித்த சாமான், அவ கையில் ஒப்பந்தத்தையே திருத்திவிட்டது.

அதிகாரி கோப்பி வேணுமா என்று கேட்டார். அவர் முடிக்கமுதல் நான் "கேர்ன்" என்றேன். நான் கோப்பி குடிப்பதில்லை. அவ வேண்டாமென்றா.

அவவிடம் அவர் இன்னொருக்காக் கேட்டார்.