கஸ்னவியின் இடது முட்டி

ஊரில் இன்றைக்குக் கேட்டாலும், கஸ்னவிக்கு ஜப்பான் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். இன்னும் கொஞ்சம் துருவினால், "பையனுக்கு அங்க சாப்பாடு இறங்கல" என்று கூடுதலாக ஒரு காரணமும் கொடுப்பார்கள். சொல்கிறவர்களில் பாதிப் பேர் அன்றைக்கு மைதான ஓரத்தில் நின்று விசிலடித்தவர்கள். பழியைக் குளிரின் மேல் போடுவது அவர்களுக்கு வசதி.

இந்தோனேசியாவில், ஜாவாத் தீவின் பிரெபெஸ் பக்கத்தில் சாலையையும் பள்ளிவாசலையும் விட்டால் மற்ற இடமெல்லாம் சின்ன வெங்காயம்தான். கஸ்னவியின் அம்மா ரும்யாத்தி, தன் தம்பி தர்க்கூமின் வெங்காயக் கொட்டகையில் தாள் கிள்ளும் வேலை பார்த்தாள். அப்பா தைவான் மீன்பிடிக் கப்பலுக்குப் போனவர் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டார். ஆகவே பையனுக்கு அப்பா வேலையையும் தர்க்கூம் மாமாவே பார்த்தார். முதல் கால்பந்து பூட்ஸ் அவர் வாங்கித் தந்தது. செமாராங் நகரத்து அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கொட்டுகிற மழையில் பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிப்போனதும் அவர்தான். இதை அவர் ஒருநாளும் மறந்ததில்லை. மற்றவர்களை மறக்க விட்டதும் இல்லை.

பையனுக்கு அந்த இடது கால் வாய்த்திருந்தது. பந்து அதில் பட்டால் எதிரே நிற்பவன் எந்தப் பக்கம் விழுவது என்று தெரியாமல் விழுவான். பதினேழு வயதில் மூன்றாம் நிலை அணி ஒன்றில் சேர்ந்தான். அதன் தலைவர் தேர்தலில் நிற்பதற்காகவே அணி நடத்தியவர். தோற்ற மறுவாரமே அணியைக் கை கழுவினார். பையன்கள் சம்பளமில்லாமல் விடுதியில் நூடுல்ஸ் வேகவைத்துத் தின்றுகொண்டு கிடந்தார்கள். கஸ்னவி அழுதுகொண்டே போன் செய்தான்.

"திரும்பி வந்தா வெங்காயம் கிள்ளத்தான் வரணும். பல்லக் கடிச்சிக்கிட்டு இருடா" என்றார் மாமா.

நல்ல வார்த்தைதான். பையன் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். கிழக்கு ஜாவாவின் பெரிய அணி ஒன்று அவனைக் கண்டெடுத்தது. இடது ஓரத்தில் ஓடி ஓடி கோல் போட்டான். இருபது வயதுக்கு உட்பட்டோர் தேசிய அணியின் சிவப்புச் சட்டை கிடைத்தது. அந்தச் சட்டையோடு டிவியில் முகம் வந்ததும் போனில் அவனைப் பின்தொடர்கிறவர்கள் லட்சக்கணக்கில் குவிந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஜப்பானிலிருந்து அழைப்பு வந்தது.

அந்த வரிசையை அவன் அப்போது கவனிக்கவில்லை. அங்கே போன பிறகுதான் புரிந்தது. வடக்கே பனி கொட்டும் ஒரு ஊர், இரண்டாம் நிலை அணி. வந்து இறங்கிய அன்றே அவனைப் பனிக்கட்டியைக் கையில் அள்ளச் சொல்லிப் படம் எடுத்தார்கள். மறுநாள் குச்சியால் சோறு சாப்பிடுகிற படம். அதற்கு அடுத்த வாரம் ஜப்பானியப் பட்டாடையில் கைகூப்பி வணங்குகிற படம். ஒவ்வொரு படத்துக்கும் இந்தோனேசியாவிலிருந்து லட்சம் பேர் இதயம் அனுப்பினார்கள், அணிக்கு விளம்பரக்காரர்கள் வந்தார்கள். ஆட்டம் வந்தால் மட்டும் கஸ்னவி பெஞ்சில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தன்னைக் காலுக்காக வாங்கவில்லை, முகத்துக்காக வாங்கியிருக்கிறார்கள் என்று தெரிந்த அன்று அவனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முகத்தை மறந்து காலைப் பார்க்க வைக்கிறேனா இல்லையா பார் என்று ஒரு வைராக்கியம் பிடித்துக்கொண்டது. எல்லோருக்கும் முன்னால் பயிற்சிக்கு வந்தான், எல்லோருக்கும் பின்னால் போனான்.

கோச் அதிகம் பேசாத மனிதர். ஒரு ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிஷம் அவனை இறக்கினார். அடுத்த ஆட்டத்தில் பாதி நேரம் கொடுத்தார். நோன்புப் பெருநாள் நெருங்கியபோது மொழிபெயர்ப்பாளரோடு அவனைக் கூப்பிட்டு, "ஐந்து நாள் வீட்டுக்குப் போய் வா. திரும்பியதும் முதல் பதினோரு பேரில் நீ இருக்கிறாய்" என்றார். சீசன் நடுவில் அப்படி விடுப்பு யாருக்கும் கொடுப்பதில்லை. "பந்தைத் தொடாதே, ஓய்வெடு" என்று மட்டும் சொன்னார்.

அவன் ஊர் முனையில் இறங்கும்போதே ஒலிபெருக்கி கட்டிய வண்டி எதிரே வந்தது. பெருநாளுக்கு மறுநாள் வடக்கூரோடு ஆட்டம், நம் மண்ணின் மைந்தன், ஜப்பான் வீரர் கஸ்னவி களமிறங்குகிறார் என்று அது அலறிக்கொண்டு போனது. அவன் முகம் போட்ட பேனர் வெங்காய வயல் நெடுகக் கட்டியிருந்தது. அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நேராக மாமா வீட்டுக்குப் போனான்.

"மாமா, என்னால முடியாது. கான்ட்ராக்ட்ல இருக்கு. வெளியில ஆடக்கூடாது."

மாமா சிரித்தார். "டேய், இது ஆட்டமாடா? ஒரு ஆட்டுக்கெடாவுக்கு நாலு பேரு சேந்து உதைக்கிறது. சும்மா அரைமணி நேரம் நின்னுட்டு வந்துரு."

"கால்ல எதாச்சும் பட்டா என் பொழப்பு போயிடும் மாமா."

"யாரு படவிடுவா? நான் இருக்கேன்ல?" என்றவர் குரலை இறக்கினார். "வடக்கூரான் ஒரு வருஷமா என்னக் கேலி பண்றான். உன் மருமவன் பெருசாயிட்டான், இனி நம்ம மண்ணுல எங்க மிதிக்கப்போறான்னு. ஊரு பூரா சொல்லிட்டேன் நவி. இப்ப நீ இல்லன்னா நான் தலையில துண்டப் போட்டுக்கிட்டுத்தான் நடக்கணும்."

வீட்டுக்கு வந்தால் அம்மா அதற்கு மேல். "மாமா மூஞ்சிய முறிச்சிட்டு நான் எப்படிடா அந்தக் கொட்டகைக்குள்ள போயி உக்காருவேன்? மழையில கூட்டிட்டுப் போன மனுசன்டா."

வேறு ஊர்க்காரனாக இருந்தால் முடியாது என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தியிருப்பான். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பெரியவர்களிடம் முடியாது என்று சொல்ல ஒரே ஒரு தடவைதான் வாய் வரும். இரண்டாவது தடவை தானாகத் தலை ஆடிவிடும்.

ஆடினான். மைதானம் என்பது அறுவடை முடிந்த வயல், மேடும் பள்ளமும். வடக்கூரான்கள் லாரிக் கிளீனர் ஒருவனை அவனுக்கு எதிரே நிறுத்தியிருந்தார்கள். வஸ்தி என்று பெயர். அவனுக்குப் பந்தின் மேல் எந்த ஆசையும் இல்லை. கஸ்னவி ஒரு கோல் போட்டான், இன்னொன்று போடவைத்தான். போதும் என்று மாமாவைப் பார்த்துக் கை காட்டினான். மாமா ஒரு விரலைத் தூக்கி, இன்னும் ஒரே ஒரு கோல் என்றார். அடுத்த பந்து காலுக்கு வந்தபோது வஸ்தி பக்கவாட்டிலிருந்து இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு விழுந்தான். முட்டிக்குள் ஏதோ பட்டென்று அறுந்தது கஸ்னவிக்குக் கேட்டது. கூட்டத்துக்குக் கேட்கவில்லை. அவர்கள் விசிலடித்தார்கள். ஜப்பான்காரனையே சாய்த்துவிட்டான் என்று வடக்கூர்ப் பக்கம் வஸ்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். எல்லார் கையிலும் போன் இருந்தது, எல்லாரும் படம் பிடித்தார்கள்.

ஊருக்குக் கெடா கிடைத்தது.

அப்போதே போனை எடுத்து மொழிபெயர்ப்பாளரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் தொடாதே என்றதைத் தொட்டது தெரிந்துவிடும். கோச்சின் முகத்தை நினைத்துப் போனைப் பைக்குள் போட்டுவிட்டான். "சுளுக்குடா, நீவிவிட்டாச் சரியாப் போயிடும்" என்று மாமா ஒரு ஆளைக் கூட்டிவந்தார். அந்த ஆள் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றி, வீங்கிய முட்டியைப் பிடித்து, கரும்பு முறிக்கிற மாதிரி இரண்டு நாள் முறித்தார். கஸ்னவி துணியைக் கடித்துக்கொண்டு கத்தினான். வீக்கம் இறங்கியது. அதை எல்லோரும் குணம் என்று நினைத்தார்கள்.

திரும்பிப் போய் வலியை மறைத்துக்கொண்டு பயிற்சி எடுத்தான். சொன்ன சொல் தவறாமல் கோச் அவனை முதல் பதினோரு பேரில் இறக்கினார். எவ்வளவு காலம் கனவு கண்ட நாள். ஆட்டம் சூடு பிடிப்பதற்குள், பக்கத்தில் ஒருவரும் இல்லாத இடத்தில், பந்தோடு திரும்பும்போது முட்டி தானாக மடிந்து விழுந்தான். பரிசோதித்த டாக்டர், இது இன்றைக்குக் கிழிந்தது இல்லை என்றார்.

"ஊரில் விளையாடினாயா?" என்று கோச் கேட்டார்.

"இல்லை. குளியலறையில் வழுக்கிவிட்டது."

மொழிபெயர்ப்பாளர் அதை மொழிபெயர்க்கவில்லை. தன் போனை எடுத்து அவன் முன்னால் வைத்தார். வெங்காய வயல், வஸ்தியின் இரண்டு கால்கள், விசில். அந்தப் படத்தையும் லட்சம் பேர் பார்த்து இதயம் அனுப்பியிருந்தார்கள்.

கோச் சத்தம் போடவில்லை. "அன்றைக்கே சொல்லியிருந்தால் இந்தக் காலைக் காப்பாற்றியிருப்போம்" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கான்ட்ராக்டை மீறியதற்காகவும் பொய் சொன்னதற்காகவும் அணி அவனை விடுவித்தது. உள்ளூரில் இலவச அறுவை சிகிச்சைக்கு முறை வந்து முடிந்தபோது முட்டி இறுகிப்போயிருந்தது. நடக்க முடிந்தது, ஓட முடியவில்லை. பள்ளிவாசலில் கிழவர்களோடு நாற்காலியில் உட்கார்ந்து தொழுதான். மாமாவின் கொட்டகையில் அம்மாவுக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு வெங்காயத் தாள் கிள்ளினான்.

ஊர் அவனைக் குறை சொல்லவில்லை. குளிர் என்றார்கள், சாப்பாடு என்றார்கள். மாமா, "அவன் நசீபு, தலையெழுத்து அவ்வளவுதான்" என்றார். அவ்வளவு சுலபமாக அவர்கள் தங்களை மன்னித்துக்கொண்டதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

அடுத்த நோன்பு வந்தது. அந்த ஜப்பான் அணி இந்தோனேசியாவிலிருந்து வேறொரு பையனை எடுத்திருந்தது. யுதாந்தோ என்று பெயர், தெகால்காரன், நமக்குப் பக்கத்து ஊர்தான். அவனும் பனியை அள்ளினான், பட்டாடை உடுத்தினான். கொட்டகையில் எல்லோரும் அதைப் போனில் பார்த்தார்கள். ஒருநாள் மாலை மாமா கஸ்னவியின் பக்கத்தில் வந்து குந்தினார்.

"நவி, இந்த யுதாந்தோ பையன உனக்குத் தெரியுமில்ல?"

"ஒண்ணா கேம்ப்ல இருந்தோம்."

"பெருநாளைக்கு ஊருக்கு வர்றானாமே. ஒரு போன் போடு. நம்ம ஆட்டத்துக்குக் கூப்பிடு. நீ சொன்னா தட்ட மாட்டான்."

கஸ்னவி கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தான். மாமாவின் முகத்தைப் பார்த்தான். அதில் ஒரு கள்ளமும் இல்லை. அந்த மனிதர் நிஜமாகவே எதையும் யோசிக்காமல்தான் கேட்டார். போனை எடுத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்து அழைத்தான்.

"அண்ணே! எப்படிண்ணே இருக்கீங்க?" என்றது பையனின் குரல்.

"லீவு குடுத்துட்டாங்களா?"

"குடுத்துட்டாங்கண்ணே. நாலு நாள்."

"தம்பி, நல்லாக் கேட்டுக்க. ஊருக்கு வந்தா பந்தத் தொடாத. இங்க எங்க ஊருல கூப்பிடுவாங்க, வராத. உங்க ஊருல கூப்பிடுவாங்க, போகாத. தூக்கி வளத்த மாமனே வந்து கையப் பிடிச்சாலும் போகாத. என் காலு எப்படிப் போச்சுன்னு நீ அந்த வீடியோவில பாத்திருப்ப. ஆடச் சொல்லிக் கேட்டவங்க யாரும் அதுக்கப்புறம் என் காலப் பத்திக் கேக்கலடா."

கொட்டகையில் தாள் கிள்ளும் சத்தம் நின்றுபோயிருந்தது. மாமா எழுந்து லுங்கியை உதறிக் கட்டினார். "சோறு போட்ட வீட்டுலயே உக்காந்து பேசற பேச்சாடா இது" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். மறுநாளிலிருந்து ரும்யாத்திக்கும் மகனுக்கும் கொட்டகையில் வேலை இல்லை. பெருநாள் ஆட்டமும் அந்த வருஷம் நடக்கவில்லை, ஆள் சேரவில்லை. காலை உடைத்ததற்கு யார் மேலும் கோபப்படாத ஊர், ஆட்டம் நின்றதற்குக் கஸ்னவி மேல் கோபப்பட்டது.

பெருநாள் காலையில் அம்மா அவன் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். "மாமாகிட்டப் போயி மன்னிப்புக் கேளுடா. இன்னைக்குக் கேட்டா இல்லன்னு சொல்ல மாட்டாரு. எனக்காகக் கேளு. வேற எவன் எனக்கு வேல குடுப்பான்?"

அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு அவளோடு போனான். மாமா வீட்டுக் கூடத்தில் சொந்தமெல்லாம் கூடியிருந்தது. நாற்காலியில் மாமா உட்கார்ந்திருக்க, சிறியவர்கள் ஒவ்வொருவராக அவர் முன்னால் மண்டியிட்டு, அவர் மடியில் தலை கவிழ்ந்து, செய்த பிழை எல்லாம் பொறுக்கச் சொன்னார்கள். அவர் ஒவ்வொருவர் தலையையும் தொட்டு, என் பிழையையும் நீ பொறுத்துக்கொள் என்றார். பெருநாளில் பெரியவர்களும் திருப்பிக் கேட்கவேண்டும், அதுதான் முறை. கஸ்னவியின் முறை வந்தது. அவன் நின்றபடியே இடுப்பை வளைத்துக் கையை நீட்டினான்.

மாமா கையைக் கொடுக்கவில்லை. "ஜப்பான் போயிட்டு வந்தவங்களுக்குத் தரையில உக்கார வராது போல" என்றார். கூடத்தில் சிலர் சிரித்தார்கள்.

"மாமா, முட்டி மடங்காது."

"மனசு இருந்தா மடங்கும்."

அம்மா அவன் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து மெல்ல இழுத்தாள். கஸ்னவி வலது முட்டியைத் தரையில் ஊன்றினான். இடது காலை மடக்க முடியாமல் ஒரு பக்கமாக நீட்டினான். பக்கத்திலிருந்தவர்கள் தட்டுகளை எடுத்துக்கொண்டு இடம் விட்டார்கள். உடம்பை முன்னால் தள்ளி, எப்படியோ மாமாவின் மடியில் நெற்றி பட வைத்தான். முட்டிக்குள் தீ வைத்த மாதிரி இருந்தது.

"நான் செஞ்ச பிழை எல்லாம் பொறுத்துக்குங்க மாமா."

"பொறுத்தேன் போ. அம்மாவ நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லு" என்று மாமா அவன் தலையைத் தட்டினார்.

கஸ்னவி எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கவும் முடியாது, யாராவது தூக்கித்தான் விடவேண்டும். ஆனால் அவன் காத்திருந்தது அதற்காக இல்லை. அவரும் ஒரு வார்த்தை கேட்பார் என்று மடியில் முகம் புதைத்தபடி இருந்தான். மற்றவர்களுக்கெல்லாம் சொன்ன அதே ஒரு வரிதான்.

தலைக்கு மேலே மாமாவின் குரல் கேட்டது. "அடுத்து யாருப்பா? வா, வா."