ஈரச் சாக்கு வாசம் அடித்த பிரெஞ்சு ஒயின்

2024 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை. என் நாட்குறிப்பில் அன்றைய பக்கம் வழக்கம்போலத்தான் தொடங்குகிறது. காலை 5.10க்கு எழுந்தேன். வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். 5.40க்கு நான்கு சின்ன டப்பாக்களைத் திறந்து முகர்ந்தேன். காப்பித்தூளுக்கு 7, கிராம்புக்கு 8, எலுமிச்சைத் தோலுக்கு 6, கற்பூரத்துக்கு 9 என்று பத்துக்கு மதிப்பெண் குறித்தேன். பிறகு இட்லி, ஒரு வாரத் துணி, மதியம் கோழிக்குழம்பு.

டப்பாக்களை முகர்ந்து மதிப்பெண் போடுவது என்ன பழக்கம் என்று தோன்றும். நாமக்கல்லில் ஒரு கோழித் தீவன மில்லின் ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். மக்காச்சோளம், தவிடு, கருவாட்டுத்தூள் என்று எந்தச் சரக்கு லாரியில் வந்தாலும் நான் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் இறக்குவார்கள். ஈரம் எவ்வளவு என்பதை மீட்டர் சொல்லிவிடும். பூஞ்சை கண்ணுக்குத் தெரியும் முன்பே அதன் வாசத்தைச் சொல்ல மூக்குதான் வேண்டும். ஒரு கைப்பிடிச் சோளத்தை இரு உள்ளங்கைகளுக்குள் பொத்தி, வாயால் சூடாக ஊதி, உடனே முகர வேண்டும். மில்லில் எல்லோருக்கும் நான் 'லேபம்மா'.

2021இல் கொரோனா வந்தபோது அந்த மூக்கு போய்விட்டது. நான்கு மாதம் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு கோணலாகத் திரும்பி வந்தது. காப்பி, டயர் எரிவதுபோல் இருந்தது. வெங்காயத்தில் சாக்கடை நாற்றம். ஒரு வருடம் கழித்துச் சரியானது. சரியானது என்று நானே சொல்லிக்கொண்டேன், ஆனாலும் மூக்குக்கு டாக்டர் சொன்ன அந்த டப்பாப் பயிற்சியை விடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பதினைந்து நாள் முன்பு ஒரு லாரித் தவிட்டைக் கெட்ட எண்ணெய் வாசம் என்று திருப்பி அனுப்பினேன். சோதனை முடிவு வந்தது. தவிட்டில் ஒரு குறையும் இல்லை. பத்து வருடமாகச் சரக்கு கொடுத்தவர் கோபித்துக்கொண்டு நின்றுவிட்டார். முதலாளி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "மூக்கு முன்னயாட்டம் இல்லீன்னாச் சொல்லிப்போடுங்கம்மணி, அதுல ஒண்ணும் தப்பில்லீங்க. மில் கேட்டுக்கு வேற ஆளப் போட்டுக்கலாம். பொறுமையா ரோசன பண்ணித் திங்கக்கெழம சொல்லுங்க" என்றார். வேறு ஆளைப் போடச் சொல்லிவிடுவது என்று நான் சனிக்கிழமையே முடிவு செய்திருந்தேன்.

அந்தச் சமயத்தில் மில்லில் புதிய மெஷின் மாட்ட ஒரு பிரெஞ்சு இன்ஜினியர் வந்து பத்து நாள் தங்கியிருந்தார். அறுபது வயதுக்கு மேல். அதுதான் அவர் மாட்டும் கடைசி மெஷின். ஊர் திரும்பியதும் ஓய்வு. வரும்போது இரண்டு பாட்டில் சிவப்பு ஒயின் கொண்டுவந்திருந்தார். பிரான்சில் போர்தோ பக்கத்தில் ஒரு திராட்சைத் தோட்டத்தின் நிலவறையில் அவருடைய அப்பா நாற்பது வருடம் வேலை பார்த்தாராம். 1990ஆம் வருட ஒயின் அவர் கைபட்ட கடைசி அறுவடை. பன்னிரண்டு பாட்டிலை மகனுக்கென்று எடுத்து வைத்தாராம். அதில் மிச்சம் இந்த இரண்டுதான். மெஷின் மூன்று நாள் நிற்காமல் ஓடினால் திறக்கலாம் என்று, முதலாளியுடைய கோழிப்பண்ணையின் முட்டைக் குளிர் அறையில் பதினாறு டிகிரியில் நிறுத்தி வைக்கச் சொல்லியிருந்தார்.

மெஷின் ஓடியது. ஞாயிறு நாலு மணிக்கு முதலாளி வீட்டில் திறப்பு. நான் மக்காச்சோளத்தை ஊதி முகர்வதை பிரெஞ்சுக்காரர் முதல் நாளே நின்று பார்த்திருந்தார். லேபம்மா கட்டாயம் வரவேண்டும் என்றாராம். வீட்டில் மெல்லிய கண்ணாடி டம்ளர் இல்லாததால் ஆய்வகத்திலிருந்து ஐந்து பீக்கர்களைச் சோப்புப் போடாமல் வெந்நீரில் மூன்று முறை கழுவி எடுத்துப் போனேன். முகர்ந்து மட்டும் பார்ப்பேன், குடிக்க மாட்டேன் என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

முதலாளியின் மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "வாங்கம்மணி. அந்த ரெண்டு பாட்டலுக்கு நடக்கற சீராட்டு இருக்குதே, எம் மருமவ பிரசவத்துக்குக் கூட நான் இப்பிடிப் பாத்ததில்லீங்க. ஆட்டக்கூடாதாமா, சாய்க்கக்கூடாதாமா, வெயில் படக்கூடாதாமா!"

பிரெஞ்சுக்காரர் கார்க்கை மெதுவாக உருவினார். பாட்டிலின் கழுத்துக்குப் பின்னால் கைபேசி விளக்கைப் பிடிக்கச் சொல்லி, வண்டல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே ஒரு ஜாடியில் சாய்த்தார். "அட, நம்ம முட்டைய வெளக்குல புடிச்சுப் பாக்கறாப்லயே பண்றாரு" என்று முதலாளி குஷியாகிவிட்டார். நானும்தான். 

தன் பீக்கரில் கொஞ்சம் ஊற்றி முகர்ந்தவர் மறுபடியும் ஒருமுறை முகர்ந்தார். பிறகு சிரித்து எல்லோருக்கும் ஊற்றினார்.

முதலாளி ஒரு வாய் குடித்து, "சூப்பருங்க, வெரி வெரி நைஸ்" என்றார். அவர் மனைவி முகர்ந்துவிட்டு, "கம்முனு மணக்குதுங்க" என்றார்.

நான் முழங்கை மடிப்பில் என் தோலை முகர்ந்து மூக்கைச் சமன்படுத்திக்கொண்டு பீக்கரை எடுத்தேன். ஈரச் சாக்கு. மழையில் நனைந்து, காயாமல் மடித்து வைத்த சாக்கின் வாசம். அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை.

 முப்பத்துநான்கு வருடம் காத்துவந்த ஒயினிலும் சாக்கு வாசம் அடித்தால் கெட்டது என் மூக்குத்தானே? ஐந்தாவது பீக்கரை, காலியாக இருந்ததை, முகர்ந்தேன். ஒரு வாசமும் இல்லை. மேசைவிரிப்பை முகர்ந்தேன். சோப்புத்தூள். மீண்டும் ஒயின். சாக்கு. திங்கட்கிழமை என்ன சொல்வது என்பதில் இனிச் சந்தேகமே வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது பிரெஞ்சுக்காரர் என்னைப் பார்த்து, எப்படி இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நல்லா இருக்கு என்று சொல்லிவிடலாம். நம் பக்கத்தில் விருந்தாளி கொண்டுவந்த பண்டத்தை யார் குறை சொல்வார்கள்? அதுவும் அப்பா விட்டுப்போன பண்டத்தை? என் மூக்கின் குறையும் அந்த மரியாதைக்குள் மறைந்துவிடும். வாயைத் திறந்தேன். ஆனால் இருபத்திரண்டு வருடத்தில் வாசம் ஒன்றாகவும் வார்த்தை வேறாகவும் நான் சொன்னதில்லை. தவிட்டிலும்கூட எனக்கு அடித்ததைத்தான் சொன்னேன்.

"ஈரச் சாக்கு வாசம் அடிக்குதுங்ணா. பூஞ்சை. என்ற மூக்குத் தப்பாக்கூட இருக்கலாம்ங்க. ஆனா எனக்கு அப்பிடித்தான் தெரியுது" என்று முதலாளியிடம் சொன்னேன்.

முதலாளியின் முகம் சுருங்கிவிட்டது. "ஏனுங்கம்மணி, இத எப்பிடிங்க அவருகிட்டச் சொல்றது?"

"உள்ளதச் சொல்லுங்க" என்றார் அவர் மனைவி. "சொல்லாட்டி மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிச்சுருவாரு. நீங்க பொய் சொன்னாக் காது செவந்துரும்."

முதலாளி தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் சொன்னார். பிரெஞ்சுக்காரர் தன் பீக்கரை மீண்டும் எடுத்து, கண்ணை மூடி, நீளமாக முகர்ந்தார். பீக்கரைக் கீழே வைத்தார். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். சிரிக்கிறார், கண்ணில் நீரும் நிற்கிறது.

அவர் சொன்னது இதுதான். கார்க்கில் பூஞ்சை பிடித்தால் ஒயினுக்கு இந்த வாசம் ஏறும். எத்தனை விலை உயர்ந்த பாட்டிலுக்கும் அந்தக் கதி வரலாம். முதல் முகர்தலிலேயே அவருக்குச் சந்தேகம் வந்ததாம். ஆனால் பத்து நாளாகச் சோளத் தூசியைச் சுவாசித்ததில் தன் மூக்குத்தான் கெட்டுப்போயிற்று என்று நினைத்துக்கொண்டாராம். நீங்கள் எல்லோரும் ஆவலாகக் காத்திருக்கும்போது நான் மட்டும் எப்படிச் சொல்வது என்று சிரித்துக்கொண்டே ஊற்றினாராம்.

 கடல் தாண்டி வந்தவரும் நானும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே வாசத்தை முகர்ந்து, அவரவர் மூக்கைச் சந்தேகப்பட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறோம்.

அடுத்த பாட்டிலை அவர் உடனே எடுத்துவரச் சொன்னார். கடைசிப் பாட்டில். அதுவும் கெட்டிருந்தால்? கார்க் வெளியே வந்ததும் அதை நேராக என்னிடம் நீட்டினார். முகர்ந்தேன். சாக்கு இல்லை. நல்லா இருக்கு என்று தலையை ஆட்டினேன். அவர் மூச்சை விட்டது எல்லோருக்கும் கேட்டது.

நோட்டை எடுத்து நேரம் போட்டு எழுத ஆரம்பித்தேன். 4.52: நடுவில் நாவல் நிறம், விளிம்பில் பழைய செங்கல் நிறம். வாசம் குறைவு, நெடுநாள் மூடியிருந்த பெட்டிபோல். 5.05: காய்ந்த நாவல்பழம். அப்போதுதான் சீவிய பென்சில். பென்சில் என்று நான் சொன்னதும் அவர் மேசையைத் தட்டினார். அவர் ஊரிலும் அப்படித்தான் சொல்வார்களாம். 5.20: பதப்படுத்திய புகையிலை, புதுச் செருப்புக் கடை. 5.40: மழை விட்ட பிறகு காளான் முளைக்கும் மண். கால் மணிக்கு ஒருமுறை மாறும் ஒரு வாசத்தை நான் அதுவரை கண்டதில்லை. எழுதும் வேகத்தில் பேனா தாளைக் கிழித்தது.

வாயில் வைத்தால்தான் மீதி தெரியும் என்றார் அவர். எனக்குச் சங்கடம். கருவாட்டுத்தூளில் உப்பு பார்க்க ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துத் துப்புவது என் வேலைமுறை, அதுபோல் வேண்டுமானால் செய்கிறேன் என்றேன். மேசையில் துப்புவதா என்று முதலாளி பதறினார். பிரெஞ்சுக்காரரோ, அதுதான் சரியான முறை, தொழில் தெரிந்தவர்கள் துப்பத்தான் செய்வார்கள் என்று வேறொரு காலி ஜாடியை என் பக்கம் தள்ளினார்.

"துப்புனா அது குடிச்ச கணக்குல வராதுங்கம்மணி. உங்கூட்டுக்காரருகிட்ட நான் சாட்சி சொல்றேன்" என்றார் முதலாளியின் மனைவி.

ஒரு வாய். இளம் பாக்கின் துவர்ப்பு, ஆனால் நாக்கைப் பிடித்து இழுக்காத துவர்ப்பு. லேசான புளிப்பு. துப்பிய பிறகும் சுவை போகவில்லை. எத்தனை நேரம் நிற்கிறது என்று மனதுக்குள் எண்ணினேன். நாற்பத்தொன்று வந்தபோது நிமிர்ந்தால், எதிரில் அவர் உதடும் எண்ணிக்கொண்டிருந்தது.

முதலாளியும் உண்மையைச் சொல்லிவிட்டார். "எனக்கு ரெண்டும் ஒண்ணாட்டத்தான் இருக்குதுங்க. துளி சக்கரை போட்டா எறங்கும்." பிரெஞ்சுக்காரருக்கு அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை.

கிளம்பும்போது முதலாளி வாசல்வரை வந்தார். "திங்கக்கெழம சொல்லச் சொன்னனே, அத உட்டுருங்கம்மணி. உங்க மூக்குக்கு ஒண்ணும் ஆகுல."

"இல்லீங்ணா. தவிட்டுல நான் தப்புப் பண்ணுனது நெசந்தானுங்க" என்றேன். "இனிச் சந்தேகம் வந்தா, சந்தேகம்னே எழுதி, சோதனை வர்ற வரைக்கும் லாரிய நிறுத்திப்போடறேன். ஆனா கேட்டுல நானே நிக்கறேனுங்க."

வீட்டில் என் கணவர், "என்ன, தள்ளாடாம வந்துட்டே?" என்றார். நோட்டுப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். பென்சில், செருப்பு, காளான் என்று கேட்டுவிட்டு, இதுக்கா இத்தனை வருசம் மூடி வெச்சாங்க என்று சிரித்தார்.

மறுநாள் திங்கட்கிழமை, காலை 6.50க்கு மில் கேட்டில் ஒரு மக்காச்சோள லாரி நின்றது. நான் முதலில் செய்தது, மீட்டரை எடுக்காமல் சக்கரத்தின் மேல் ஏறி, சாம்பிள் எடுக்கும் குத்தூசியை மூட்டைக்குள் செருகி, ஒரு கைப்பிடிச் சோளத்தைப் பொத்தி ஊதி முகர்ந்ததுதான். வெயிலில் காய்ந்த சோளத்தின் சுத்தமான வாசம், கையெழுத்துப் போட்டேன். நாளைக்கே என் மூக்கு மறுபடியும் தவறலாம், ஆனால் தவறிவிடுமோ என்ற பயத்தை மரியாதை என்று பெயர் சொல்லி மறைத்து வைப்பதில்லை என்பதை மட்டும் அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து விடாமல் கடைப்பிடிக்கிறேன்.